8,400 கிலோமீட்டர் சரி, 10 மணி 56 நிமிடம் தப்பு: விமான தூரக் கணிப்பான்கள், குமரி எல்லையிலிருந்து ஒரு மதிப்பீடு

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தூரக் கணிப்பான்களில் 'திருவனந்தபுரம்', 'லண்டன்' என்று இரண்டு பெயரைக் கொடுத்தால் ஒரு நொடியில் பதில் வந்துவிடும்: ஏறத்தாழ 8,400 கிலோமீட்டர், 10 மணி 56 நிமிடம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை வட்டாரத்தில் பிள்ளைகளைப் படிக்கவும் நர்ஸ் வேலைக்கும் அனுப்புகிற வீடுகளில் இந்த எண்ணைப் பார்த்துத்தான் பயணத் திட்டமே தொடங்குகிறது. முதல் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். இரண்டாவது எண் ஓடாத ஒரு விமானத்தின் நேரம். திருவனந்தபுரத்திலிருந்து லண்டனுக்கு அன்றாட நேரடி சர்வீஸ் கிடையாது, கணிப்பானோ அதைச் சொல்லாது.

முதலில் தூரம். உலகம் உருண்டை என்பதால் இரண்டு ஊருக்கு இடையிலான மிகக் குறுகிய வழி ஒரு வட்ட வில். இதைப் பெருவட்டப் பாதை என்கிறார்கள். உலக உருண்டை ஒன்றை எடுத்து இரண்டு ஊரிலும் விரலை வைத்து ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் நூல் கிடக்கும் வழிதான் அது. அதே வழியைச் சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தில் வரைந்தால் வடக்கே வளைந்து தெரியும். விமானம் சுற்றிப் போகிறதே என்று தோன்றுவது தாளின் குறை, பாதையின் குறை இல்லை.

கணிப்பான் செய்வது எளிய திரிகோணமிதி. திருவனந்தபுரம் விமான நிலையம் வடக்கு 8.48, கிழக்கு 76.92 பாகை. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம் வடக்கு 51.47, மேற்கு 0.45 பாகை. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 8,398 வரும். பூமி சரியான உருண்டை அல்ல, துருவங்களில் சற்றுத் தட்டையானது. அதைக் கணக்கில் எடுக்கும் தளங்களுக்கும் எடுக்காதவற்றுக்கும் அரை சதவீதம் வரை வித்தியாசம் வரலாம். ஒரு தளம் 8,380 என்றும் இன்னொன்று 8,410 என்றும் காட்டினால் எது பொய் என்று தேட வேண்டாம், இரண்டும் ஒன்றுதான்.

கிளம்பும் திசையையும் சில தளங்கள் காட்டும். லண்டனுக்கு அது 321 பாகை, அதாவது வடமேற்கு. திருவனந்தபுரம் ஓடுபாதையின் ஒரு முனையில் எழுதியிருக்கும் எண் 32, அதாவது 320 பாகை. சங்குமுகம் கடற்கரையை ஒட்டிக் கிடக்கும் அந்த ஓடுபாதை கிட்டத்தட்ட லண்டனை நோக்கியே கிடக்கிறது. இதனால் யாருக்கும் ஒரு நிமிடமும் மிச்சமாகப் போவதில்லை, ஆனாலும் தெரிந்துகொள்ள நன்றாக இருக்கிறது.

தவறு பெரும்பாலும் நாம் கொடுக்கும் பெயரில்தான் வருகிறது. கனடாவின் ஒன்ராறியோவிலும் ஒரு லண்டன் உண்டு, அதற்கும் விமான நிலையம் உண்டு. பட்டியலில் அது முதலில் வந்து, நாம் கவனிக்காமல் தட்டிவிட்டால் தூரம் அட்லாண்டிக்கைத் தாண்டிவிடும். இங்கிலாந்து லண்டனிலேயே ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சிட்டி, சவுத்எண்ட் என்று ஆறு நிலையங்கள். ஆகாயக் கணக்கில் இவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. தரையில் உண்டு: ஹீத்ரோவிலிருந்து கேட்விக்குக்குச் சாலையில் 65 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே ஊர்ப் பெயர் கொடுக்காமல் டிக்கெட்டில் இருக்கும் மூன்றெழுத்துக் குறியீட்டையே கொடுக்க வேண்டும். திருவனந்தபுரத்துக்கு டி.ஆர்.வி., ஹீத்ரோவுக்கு எல்.எச்.ஆர்., கேட்விக்குக்கு எல்.ஜி.டபிள்யூ.

'நாகர்கோவில்' அல்லது 'கன்னியாகுமரி' என்று அடித்தாலும் பதில் வரும். விமான நிலையமே இல்லாத ஊரிலிருந்து பறக்கும் நேரத்தையும் கூச்சமில்லாமல் போட்டுக் காட்டும். அதைப் புறக்கணிக்கவும்.

அலகில் இன்னொரு குழி. பல தளங்கள் முதலில் மைலில்தான் காட்டும். சாதாரண மைல் 1.609 கிலோமீட்டர், விமானிகளும் மாலுமிகளும் சொல்லும் கடல் மைல் 1.852 கிலோமீட்டர். ஒரே 8,400 கிலோமீட்டர் ஒன்றில் 5,220 ஆகவும் மற்றதில் 4,536 ஆகவும் தெரியும்.

இந்தக் கணிப்பான்கள் உண்மையில் உதவும் இடம் ஒன்று உண்டு, அதைத்தான் பெரும்பாலோர் பயன்படுத்துவதில்லை: எந்த ஊர் வழியாகப் போனால் எவ்வளவு சுற்று என்று ஒப்பிடுவது. கிரேட் சர்க்கிள் மேப்பர் தளத்தில் மூன்று குறியீடுகளை இடையில் சிறு கோடு போட்டு அடித்தால் இரண்டு கட்டமும் சேர்ந்த தூரம் வந்துவிடும். திருவனந்தபுரம்–துபாய் 2,950 கிலோமீட்டர், துபாய்–ஹீத்ரோ 5,500. கூட்டினால் 8,450. நேர்க்கோட்டை விட வெறும் 50 கிலோமீட்டர்தான் கூடுதல், அதாவது துபாய் கிட்டத்தட்டப் போகிற வழியிலேயே இருக்கிறது. அபுதாபி வழியும் அதே அளவுதான். தோகா வழி ஏறத்தாழ 8,500. மும்பை வழி 8,470, அதுவும் மோசமில்லை. டெல்லி வழியாகப் போனால்தான் 8,950 ஆகிறது, 550 கிலோமீட்டர் சுற்று. கல்ஃப் வழிப் பயணத்தைச் 'சுத்துப் பாதை' என்று சொல்லும் பழக்கம் நம் பக்கம் உண்டு, தூரக் கணக்கு அதற்கு இடம் தரவில்லை. நேரம் வீணாவது இறங்கி ஏறுவதில்தான்.

இதே முறையில் திருவனந்தபுரத்தைச் சுற்றி அளந்து பார்த்தால் நம் இருப்பிடம் புரியும். சென்னை 614 கிலோமீட்டர், மாலத்தீவின் மாலே 607, கொழும்பு 360க்கும் குறைவு. எல்லையோரக்காரருக்குத் தலைநகரை விட இலங்கை பக்கம்.

இனி நேரம். பெரும்பாலான கணிப்பான்களுக்குப் பின்னால் இருப்பது ஒரே சூத்திரம்: மணிக்கு 500 மைல், அதாவது 805 கிலோமீட்டர் வேகம், ஏற இறங்க அரை மணி. 8,400ஐ 805 ஆல் வகுத்து 30 நிமிடம் கூட்டினால் அந்த 10 மணி 56 நிமிடம் அப்படியே வரும். இதில் மூன்று கோளாறு. உயரத்தில் பறக்கும் ஜெட் அதைவிட வேகமாகப் போகும்: ஏர்பஸ் 320, போயிங் 737 ரகங்கள் மணிக்கு 830 கிலோமீட்டர் அளவில், போயிங் 777 போன்ற பெரிய ரகங்கள் 900 அளவில். இரண்டாவது, அரை மணி போதாது. டிக்கெட்டில் எழுதியிருக்கும் நேரம் நிலையத்தில் விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து சேரும் இடத்தில் போய் நிற்கும் வரை. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கியபின் நிறுத்துமிடம் வரை ஊர்வது எல்லாம் அதில் சேர்த்தி. மூன்றாவது, காற்று.

நம் பயன்பாட்டுக்கு இன்னும் நெருங்கிவரும் கணக்கு இது: தூரத்தை 850 ஆல் வகுத்து 45 நிமிடம் கூட்டுங்கள். மேற்கே போனால் கல்ஃப் தூரத்துக்கு 10 நிமிடமும் லண்டன் தூரத்துக்கு 25 முதல் 30 நிமிடமும் சேருங்கள், கிழக்கே வந்தால் அதே அளவு கழியுங்கள். துபாய்க்கு 2,950 ÷ 850 என்பது 3 மணி 28 நிமிடம், 45 சேர்த்தால் 4 மணி 13 நிமிடம். போகும்போது 4 மணி 20 நிமிடமும் வரும்போது 4 மணியும் அட்டவணையில் இருப்பதோடு இது ஒத்துப்போகும். துபாய்–லண்டன் 7 மணி 13 நிமிடம் வரும், போகும்போது 7 மணி 40 நிமிட அளவு, திரும்பும்போது 7 மணிக்கு உள்ளே. சென்னை–லண்டன் நேரடி விமானத்துக்கு 8,230 கிலோமீட்டர் போட்டுப் பாருங்கள். 10 மணி 26 நிமிடம் வரும், போக 11 மணிக்குச் சற்றுக் குறைவு, வர 10.

சிறு தூரத்தில் கணிப்பான் இன்னும் ஏமாற்றும். திருவனந்தபுரம்–சென்னைக்கு 1 மணி 16 நிமிடம் காட்டும், ஜெட் விமான அட்டவணையில் 1 மணி 25 நிமிடத்துக்குக் குறைவாகப் பார்ப்பது அரிது. அதே வழியில் விசிறி சுழலும் ஏ.டி.ஆர். விமானம் என்றால் அதன் வேகமே மணிக்கு 500 கிலோமீட்டர் அளவு. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

காற்று ஏன் இவ்வளவு மாற்றுகிறது? வட இந்தியா, ஈரான், ஐரோப்பாவுக்கு மேலே விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு வேகக் காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் அது மிக வலுவாக இருக்கும். லண்டன் போகிறவருக்கு எதிர்காற்று, திரும்புகிறவருக்குப் பின்காற்று. தெற்கே நம் தலைக்கு மேலே தென்மேற்குப் பருவமழை மாதங்களில் மேலடுக்குக் காற்று கிழக்கிலிருந்து வீசுவதால், அந்தச் சில மாதங்கள் அரபிக்கடலைத் தாண்டும் கட்டத்தில் துபாய் போகிறவருக்குச் சற்றே சாதகம். கணிப்பான் எதுவும் மாதத்தைக் கேட்பதில்லை. போகும் நேரத்துக்கும் வரும் நேரத்துக்கும் ஒரே எண்ணைக் காட்டும் தளத்தை நேரத்துக்காகத் திறக்கவே வேண்டாம்.

மூடிய வான்வெளியும் அதற்குத் தெரியாது. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவன விமானங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து ஐரோப்பா போகும் இந்திய விமானங்கள் தெற்கே சுற்ற வேண்டியதாயிற்று. திருவனந்தபுரத்திலிருந்து கல்ஃப் போகும் பாதை அரபிக்கடல் மேலேயே போவதால் அது தப்பியது. ஆனால் அதே ஆண்டு ஜூனில் ஈரான், ஈராக் வான்வெளிகள் மூடப்பட்டபோது கல்ஃபிலிருந்து ஐரோப்பா போகும் இரண்டாம் கட்டம் அடிவாங்கியது, ஏனென்றால் துபாய்–லண்டன் நேர்வழி அந்த நாடுகளுக்கு மேலேதான் போகிறது. லண்டனை நெருங்கியபின்னும் ஒரு தாமதம் உண்டு. ஹீத்ரோவில் நெரிசல் நேரத்தில் பாவிங்டன், பிகின், லாம்போர்ன், ஆக்கம் என்ற நான்கு இடங்களுக்கு மேல் விமானங்களை வட்டமிட வைப்பார்கள். அட்டவணை போடும்போதே நிறுவனங்கள் இதற்கும் சில நிமிடம் ஒதுக்கிவிடுகின்றன.

சரி, நேரத்தை எங்கே பார்ப்பது? கூகுள் ஃப்ளைட்ஸ் காட்டும் 'மொத்த நேரம்' கணிப்பு அல்ல, நிறுவனத்தின் அட்டவணை. நடுவில் காத்திருக்கும் நேரமும் அதில் சேர்ந்திருக்கும், நேர வலய வித்தியாசமும் கழிந்திருக்கும். அட்டவணை நடைமுறையில் எப்படி ஓடுகிறது என்று அறிய ஃப்ளைட்ரேடார்24 செயலியில் விமான எண்ணைக் கொடுத்தால் கடந்த ஒரு வாரப் பதிவு இலவசமாகவே கிடைக்கும். அதில் பறந்த நேரம் தரைவிட்டு எழும்பியதிலிருந்து தரை தொட்டது வரைதான், ஆகவே டிக்கெட் நேரத்தை விட 20 முதல் 40 நிமிடம் குறைவாகத் தெரிவதைக் கண்டு விமானம் சீக்கிரம் போய்விட்டதாக எண்ண வேண்டாம். ஏழு நாளில் எத்தனை நாள் தாமதம் என்பதைப் பார்ப்பதே அதன் பயன். தூரத்துக்கு கிரேட் சர்க்கிள் மேப்பர், திட்டத்துக்கு கூகுள், சந்தேகத்துக்கு ஃப்ளைட்ரேடார்24: எங்கள் மதிப்பில் இந்த மூன்றும் போதும். விளம்பரம் நிறைந்து 'கார் தூரம், பஸ் தூரம், பறவை தூரம்' எல்லாம் காட்டும் மற்றவை வேண்டியதில்லை.

நேர வலயத்தில் குழம்புவோர் இன்னும் நிறைய. டிக்கெட்டில் எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம். உதாரணமாக, விடிகாலை 4.30க்குக் கிளம்பி 7.20க்கு துபாய் சேரும் விமானம் 2 மணி 50 நிமிடம் பறக்கவில்லை, துபாய் நம்மை விட ஒன்றரை மணி பின்னால் இருப்பதால் அது 4 மணி 20 நிமிடம். கத்தார் இரண்டரை மணி பின்னால். லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை மணி, கோடையில் நாலரை மணி பின்னால். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரத்தை மாற்றும் நாட்கள். அந்த வாரங்களில் வீட்டிலிருந்து அழைத்து 'இன்னும் வந்து சேரவில்லையா' என்று பதறுவதில் பாதி இந்த ஒரு மணிக் கணக்குதான்.

கணிப்பான் தொடவே தொடாத பகுதி நம் ஊர்ச் சாலை. நாகர்கோவிலிலிருந்து விமான நிலையம் சாலையில் 70 கிலோமீட்டர் சொச்சம். இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்பது நள்ளிரவுக்குப் பொருந்தும். பகலில் இரண்டரை மணிக்குக் குறைத்து வைக்கக் கூடாது. தமிழ்நாட்டுப் பக்கம் தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை என ஊர் ஊராக நுழைந்து வெளியேற வேண்டும். எல்லை தாண்டியதும் இரண்டு வழி. பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகப் பழைய சாலையில் போனால் பாலராமபுரம் சந்திப்பு நேரத்தைத் தின்றுவிடும். காரோட்டில் திரும்பி முக்கோலா, கோவளம், திருவல்லம் வழியாக பைபாஸில் போனால் சுங்கம் கொடுக்க வேண்டியிருக்கும், ஆனால் சாக்கையில் நேராக முனையத்தின் பக்கம் போய் இறங்கலாம். விமானம் பிடிக்கப் போகிறவர் யோசிக்காமல் பைபாஸைப் பிடிக்க வேண்டும். வடசேரி பஸ் நிலையத்திலிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ போனால் திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும், அதற்குத் தனியாக அரை மணி. செங்கோட்டை, தென்காசிக்காரர்களுக்கு ஆரியங்காவு, தென்மலை மலைப்பாதை வழி நூறு கிலோமீட்டருக்கு மேல். மழை நாளில் நான்கு மணி நேரம் ஒதுக்குவது புத்திசாலித்தனம்.

நவராத்திரிக்கு முந்தைய நாட்களில் இன்னொரு கணக்கு. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன், வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை விக்கிரகங்கள் இதே சாலையில்தான் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போகின்றன. குழித்துறை, களியக்காவிளை, நெய்யாற்றின்கரை பகுதிகளில் வண்டிகள் நிறுத்தி விடப்படும். அந்தத் தேதிகளை டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாலையோடு முடியவில்லை. பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனி, ஐப்பசி ஆராட்டு (சுவாமி நீராட்டு) ஊர்வலங்கள் விமான நிலைய ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடலுக்குப் போகின்றன. ஆண்டுக்கு இரண்டு நாள், மாலை நான்கு முதல் இரவு ஒன்பது வரை, ஓடுபாதையையே மூடிவிடுவார்கள். விமானிகளுக்கு முன்கூட்டியே அறிவிப்பு போய்விடும், நிறுவனங்கள் நேரத்தை மாற்றும். மாற்றிய நேரம் டிக்கெட் எடுத்த ஏஜென்டின் போனுக்குப் போய், பயணியை வந்தடையாமல் போவதும் உண்டு. டிக்கெட்டில் உங்கள் எண்ணையே கொடுங்கள். முனையத்தையும் டிக்கெட்டில் பார்த்துவிடுங்கள்: சர்வதேச முனையம் சாக்கை பக்கம், உள்நாட்டு முனையம் சங்குமுகம் பக்கம். பெயரளவில் ஒரே நிலையம், மாறி இறங்கினால் ஓடுபாதையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

எல்லாம் கூட்டினால்: சாலை இரண்டரை மணி, நிலையத்தில் மூன்று மணி, துபாய்க்கு 4 மணி 20 நிமிடம், அங்கே காத்திருப்பு மூன்று மணி, லண்டனுக்கு 7 மணி 40 நிமிடம், இறங்கிக் குடியேற்றச் சோதனை முடித்துப் பெட்டி எடுக்க ஒன்றரை மணி. 22 மணி நேரம். கணிப்பான் சொன்னதற்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. நிலையத்து மூன்று மணியை யாரும் சுருக்கப் பார்க்கக் கூடாது, பெரும்பாலான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் கவுண்டரை மூடிவிடும். நடுவில் காத்திருப்பை ஒன்றரை மணிக்குக் குறைத்து டிக்கெட் எடுப்பது, இரண்டு கட்டமும் ஒரே பி.என்.ஆரில் இருந்தால் மட்டும். தனித்தனி டிக்கெட் என்றால் துபாயில் பெட்டியை எடுத்து, குடியேற்றம் தாண்டி, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதற்கு விசா தேவைப்படும், முனையமும் மாறலாம், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பில்லை. இப்படி மிச்சப்படுத்தும் பணம் ஒரே தாமதத்தில் போய்விடும்.

தூர எண்ணுக்குப் பணப் பயன் ஒன்று உண்டு. பிரிட்டனிலிருந்து கிளம்பும் எந்த நிறுவன விமானத்துக்கும் அந்நாட்டுச் சட்டப்படி இழப்பீடு தூரத்தை வைத்துத்தான்: 1,500 கிலோமீட்டர் வரை 220 பவுண்டு, 3,500 வரை 350, அதற்கு மேல் 520. ஒரே பதிவில் லண்டன்–துபாய்–திருவனந்தபுரம் என்றிருந்தால் கடைசி ஊர் வரையிலான தூரம்தான் கணக்கு. அது 8,400 என்பதால் மேல் படி. நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்து, காரணம் நிறுவனத்தின் கையில் இருந்திருந்தால் 520 பவுண்டு கேட்கலாம். மோசமான வானிலை, வான்வெளி மூடல் என்றால் கிடையாது. இந்தியாவில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவின் விதி நேரத்தை வைத்து: போதிய முன்னறிவிப்பு இல்லாமல் ரத்தானால், நிலையம் விட்டு நிலையம் சேரும் நேரம் ஒரு மணி வரை 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது. இங்கே கணிப்பானின் நேரத்தைக் காட்டி வாதாட முடியாது, நிறுவன அட்டவணை நேரம்தான் செல்லும்.

திரும்பும் பயணத்துக்கு ஒரு சிறு வசதி. பின்காற்றால் இரண்டு கட்டமும் சேர்ந்து ஒரு மணி நேரம் குறையும், கல்ஃபிலிருந்து வரும் பல விமானங்கள் திருவனந்தபுரத்தில் அதிகாலை மூன்று, நான்கு மணிக்கு இறங்கும். அந்த நேரத்தில் சாக்கையிலிருந்து பைபாஸ் காலியாகக் கிடக்கும், களியக்காவிளைக்கு முக்கால் மணி போதும். வண்டி அனுப்புகிறவர்கள் டிக்கெட்டில் தேதியை மட்டும் இரண்டு தடவை பார்க்க வேண்டும். லண்டனில் திங்கள் காலை ஏறுகிறவர் இங்கே இறங்குவது செவ்வாய் விடிகாலை, திங்கள் இரவு அல்ல.